ரெஜீனாவுக்குக் குளிரக் கூடாது

எங்கள் வீட்டில் என்னைவிடக் கவனமாகச் சூடு பார்த்து வளர்க்கப்பட்ட சீவன் ஒன்று உண்டென்றால் அது ஒரு மலைப்பாம்புதான். அது எங்களோடு இருந்தது ஒரேயொரு நத்தார் விடுமுறை. அந்த விடுமுறைக்குள்தான் என்னுடைய ஒன்பதாவது பிறந்தநாளும் வந்தது. இரண்டில் எது பெரிய விசேஷம் என்று கேட்டால் எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பாம்பைத்தான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன், ஆனால் என் காரணம் வேறு.

அப்போது நாங்கள் இத்தாலியில், பலேர்மோ நகரில், சீசா என்கிற பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அந்த ஊரில் வீடு கட்டியவர்கள் கோடையை மட்டும் மனதில் வைத்துக் கட்டியவர்கள். மாபிள் தரை, எட்டாத உயரத்தில் கூரை, சரியாக மூடாத சன்னல்கள். சிசிலி என்றால் வெயில் என்று நம்பி வருகிற சொந்தக்காரர் ஒருவர் மார்கழியில் எங்கள் தரையில் ஒருமுறை வெறுங்காலோடு நடந்தால் போதும், திரும்பிப் போகிற விமானத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுவார். வீட்டுக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை நான்.

அம்மா ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலியச் சீமாட்டியின், வீட்டில் வேலை செய்தார். சமையல், துடைப்பு, சிஞ்ஞோராவின் மாத்திரைகள், பூச்செடிகள் எல்லாம் அம்மாவின் பொறுப்பு. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற காலம் வரும்போது சிஞ்ஞோரா வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். அந்தக் கையெழுத்து இருந்தால்தான் எங்களுக்கு அந்த நாட்டில் இடம். அப்பாவுக்குக் கோடையில் மொண்டெல்லோக் கடற்கரை உணவகத்தில் வேலை இருக்கும், மாரியில் இருக்காது. ஆகவே சிஞ்ஞோரா எதைக் கேட்டாலும் அம்மா மறுப்பதில்லை. அந்த முறை புதுப்பிக்கவேண்டிய மாதம் தை. மார்கழியில் சிஞ்ஞோரா கேட்டது, தன் மகனுடைய பாம்பை விடுமுறை முடியும்வரை எங்கள் வீட்டில் வைத்துப் பார்க்க முடியுமா என்று.

அவர்கள் வீட்டில் வயர் எல்லாம் பழுதாகி மாற்றப்போகிறார்களாம். விடுமுறை முழுக்க அங்கே கரண்ட் இராது. சிஞ்ஞோரா தன் அக்கா வீட்டுக்குப் போகிறார், மகன் நேப்பிள்ஸில் இருக்கிற சிநேகிதியிடம் போகிறான். பாம்பு எங்கே போகும்.

அம்மா பல்லிக்குப் பயந்தவர். சமையலறைச் சுவரில் பல்லி ஒன்றைக் கண்டால் அப்பா வேலையால் வரும்வரை எங்களுக்குத் தேத்தண்ணீர்கூடக் கிடைக்காது. அந்த அம்மா, பாம்பை வாங்கி வைப்பதாகச் சொல்லிவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றினார். அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். நான் கட்டிலில் ஏறி நின்றுகொண்டேன், பாம்பு இன்னும் வீட்டுக்குள் வரவேயில்லை என்பது நினைவில்லாமல்.

“உமக்கு விசரே” என்று அப்பா கேட்டார்.

“கையெழுத்து வேணுமெல்லோ” என்றார் அம்மா.

அப்பா மேசையை நகர்த்தி இடம் பண்ணத் தொடங்கினார். நானும் வெகுகாலம் அந்தக் கையெழுத்துத்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சிஞ்ஞோராவின் மகன் தன் சிநேகிதன் ஒருவனோடு ஒரு பெரிய மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் ஏறி வந்தான். பெட்டியின் முன்பக்கம் கண்ணாடி. உள்ளே சுருண்டு கிடந்தது போவா என்கிற நஞ்சில்லாத மலைப்பாம்பு. மண்நிறம், முதுகில் கபில நிறப் பட்டைகள், வால்பக்கம் செங்கல் நிறம். அம்மாவின் முழங்கை அளவு தடிப்பு. பெயர் ரெஜீனா, அதாவது ராணி. பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியபோது அவன் குரலில் இருந்த மரியாதை எங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லும்போதுகூட இருந்ததில்லை.

பாம்புக்கு உடம்புக்குள் சூடு கிடையாது, வெளியில் இருந்துதான் எடுக்கும் என்று அவன் விளக்கினான். பெட்டியின் ஒரு பக்கத்தில் வெளிச்சமில்லாமல் வெப்பம் மட்டும் தருகிற விளக்கு ஒன்று கம்பிக்கூட்டுக்குள் இருந்தது. அந்தப் பக்கம் நல்ல சூடு, மற்றப் பக்கம் கொஞ்சம் குறைவு. தனக்கு எது தேவையோ அந்தப் பக்கத்துக்கு அது தானே நகர்ந்துபோகும். சூடு கூடினால் நிறுத்தவும் குறைந்தால் கொடுக்கவும் ஒரு தெர்மோஸ்டாட். இரண்டு பக்கமும் பற்றரியில் ஓடுகிற இரண்டு சின்ன வெப்பமானிகள். சாப்பாடு ஒன்றும் வேண்டாம், இப்போது அவள் சாப்பிடமாட்டாள், சூடு மட்டும் ஒருநாளும் நிற்கக் கூடாது என்றான். பிறகு அம்மாவைச் சமையலறைக்குத் தனியாகக் கூப்பிட்டு மெல்லிய குரலில் ஏதோ சொன்னான். அம்மா அவனை நிமிர்ந்து பார்த்ததை நான் வாசலில் நின்று கண்டேன். சிஞ்ஞோரா வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றைத் திரும்பவும் கேட்கிறவர் மாதிரித் தலையாட்டினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நடந்ததை எல்லாம் அதிசயம் என்றுதான் சொல்லவேண்டும். அம்மா காலையில் எழும்பியவுடன் சாமிப்படத்துக்கு முன்னால் நிற்பதற்கு முதல் அந்த வெப்பமானிக்கு முன்னால் நின்றார். தரைக்குளிர் ஏறக் கூடாதென்று பெட்டிக்குக் கீழே எங்கள் நல்ல கம்பளி இரண்டை மடித்து வைத்தார். சன்னல் இடைவெளியில் பழைய சீலைத் துண்டுகளைத் திணித்தார். அப்பா குளிக்கப் போனால் முதலில் வந்து, வெந்நீர் போட்டால் கரண்ட் மீற்றர் விழும் என்று எச்சரித்தார். பாம்பை மட்டும் தொடமாட்டார். கண்ணாடிக்கு ஒரு கை தூரத்தில் நின்று, சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, அது எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்று பார்ப்பார். அது எப்போதும் சூடான பக்கத்தில்தான் கிடந்தது.

சித்தப்பாவுக்கு இது பெரிய கொண்டாட்டம். சித்தப்பா அப்பாவின் தம்பி, துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை, அடுத்த தெருவில் தனியாக இருந்தார். பின்னேரம் வந்து எங்கள் வீட்டுத் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு, “மகாராணி ஒண்டும் சாப்பிடுறா இல்லையாம். திருவெம்பாவை விரதமோ, அண்ணி” என்று கேட்பார். “உள்ளதுக்குள்ளை இந்த வீட்டிலை சூடான இடம் அந்தப் பெட்டிதான். எனக்கும் ஒரு மூலையிலை பாய் போட்டுத் தாங்கோ” என்பார். அம்மா சிரிப்பார், ஆனால் கண் வெப்பமானியில் இருக்கும்.

நான் பயம் தெளிந்து, என்னுடைய பொம்மையைக் கொண்டுபோய்ப் பெட்டிக்கு மேலே காவலுக்கு இருத்தினேன். அந்தப் பொம்மையைப் பற்றியும் சொல்லவேண்டும். பலேர்மோவில் நவம்பர் தொடக்கத்தில் செத்தவர்களின் நாள் வரும். அன்று காலையில் பிள்ளைகள் எழும்பினால் வீட்டுக்குள் எங்கேயோ விளையாட்டுச் சாமானும் வாதுமை மாவில் செய்த பழ இனிப்பும் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். அந்தந்தக் குடும்பத்தில் செத்துப்போனவர்கள் வந்து பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பது அந்த ஊர் நம்பிக்கை. நாங்கள் சைவக்காரர், வீட்டில் திவசமும் படையலும் வேறு விதம். ஆனாலும் எனக்கு வருடம் தவறாமல் ஒரு பொம்மை வந்தது. ஒவ்வொரு பொம்மையும் மஞ்சள் கம்பளிநூலில் பின்னிய சட்டை போட்டிருந்தது. அதே நூல் அம்மாவின் கூடைக்குள் இருந்ததைக் கண்டிருக்கிறேன். செத்தவர்கள் அம்மாவிடம் கேட்டு வாங்கியிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறந்தநாளுக்கு வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தேன். வகுப்பு முழுக்கப் பாம்புக்காகவே வரத் தயாராக இருந்தது, வீட்டில்தான் இடமில்லை. சொந்தத்தில் சித்தப்பாவும், பெரியம்மா குடும்பமும். பெரியம்மா அம்மாவின் அக்கா. எங்களுக்கு முன்னமே பலேர்மோவுக்கு வந்து, ஊரில் இருந்து வருகிறவர்களுக்கெல்லாம் முதல் வேலை பிடித்துக் கொடுத்தவர். ஆகையால் எல்லோர் வீட்டிலும் எதை எங்கே வைப்பது என்று சொல்கிற உரிமை அவருக்கு இருந்தது. எங்கள் வாசலில் நின்று பெட்டியைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை.

“உது இருக்கிற அறையிலை நான் வாயிலை பச்சைத்தண்ணியும் வைக்கமாட்டன். ஒண்டில் பூச்சி, இல்லாட்டி நான்” என்றார். பாம்பு என்ற சொல்லைச் சொன்னால் அது கூப்பிட்டதாக ஆகிவிடும் என்று பெரியம்மா அதைப் பூச்சி என்றுதான் சொன்னார்.

“கண்ணாடிக்குள்ளைதானே கிடக்கு, மச்சாள்” என்றார் அப்பா.

“நான் கண்ணாடிக்கு வெளியிலை எல்லோ நிக்கிறன்.”

கடைசியில் பெட்டி சன்னல்களால் அடைத்த பின்பல்கனிக்குப் போனது. அப்பாவும் சித்தப்பாவும் தூக்கினார்கள். அம்மா நீளமான வயர் ஒன்றை உள்ளே இருந்து இழுத்துக் கொடுத்து, விளக்கு சுடுகிறதா என்று கம்பிக்கூட்டுக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்து, பெட்டியைச் சுற்றி இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டுத்தான் ரோல்ஸ் பொரிக்கப் போனார். வெளியில் வடக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பல்கனிச் சன்னல்கள் கடகடத்தன.

எங்கள் வீட்டு மீற்றருக்கு ஒரு குணம். ஒரே நேரத்தில் ஓரளவுக்கு மேல் கரண்ட் எடுத்தால் கோபித்துக்கொண்டு விழுந்துவிடும். அது இருப்பதோ கீழே தெருவாசலில். விழுந்தால் ஒருவர் மூன்று மாடியும் இறங்கிப்போய் நிமிர்த்திவிட்டு வரவேண்டும். அன்றைக்கு அவணுக்குள் கோழி, ரைஸ் குக்கரில் சோறு, பெரியம்மாவின் காலடியில் ஹீற்றர், சித்தப்பா கொண்டுவந்த பாட்டுப்பெட்டி. சோறு வேகுமுன் கரண்ட் போனது. அப்பா இறங்கி ஏறினார். பாட்டு இரண்டாவது அடிக்கு வருமுன் திரும்பவும் போனது. அப்பா இறங்கி ஏறினார். மூன்றாம் முறை ஏறி வந்தபோது மூச்சு வாங்க வாசலிலேயே இருந்துவிட்டார். சித்தப்பா விசிறினார், எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு கரண்ட் போகவில்லை. மீற்றருக்கே மனமிரங்கிவிட்டது என்று சித்தப்பா சொன்னார்.

சாப்பாடு முடிந்தது. கேக் வெட்டுவதற்கு முன் பாம்பைக் காட்டுவதாக என் சிநேகிதிகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மூன்று பேரும் கோட்டுப் போட்டுக்கொண்டு பல்கனிக்குப் போனோம். கம்பளியை மேடைத்திரை மாதிரி விலக்கினேன். ரெஜீனா சூடான பக்கத்து மூலையில் விளக்குக்குக் கீழே தன்னை இறுக்கிச் சுருட்டிக்கொண்டு கிடந்தது. கண்ணாடியைத் தட்டினேன். நாக்கு வெளியே வரவில்லை. வெப்பமானியைப் பார்த்தேன். அப்படியொரு சின்ன எண்ணை அதில் நான் கண்டதேயில்லை. பழுதாகிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, சிநேகிதிகளுக்கு முன்னால் பெரிய ஆள் போல, “அம்மா, இது பிழையாக் காட்டுது” என்று சத்தம் போட்டேன்.

கேக்கோடு வைக்க இன்னும் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த அம்மா எண்ணெய்க்கரண்டியோடு வந்தார். வெப்பமானியைப் பார்த்தார். கம்பிக்கூட்டில் கையை வைத்தார், பிறகு இன்னும் நெருக்கி வைத்தார். வயரைக் கண்ணால் தொடர்ந்துபோய்க் கதவுக்குள் பார்த்தார். உள்ளே சுவரோரம் பிளக் தரையில் கிடந்தது. அந்த இடத்தில் ரைஸ் குக்கரின் பிளக் மாட்டியிருந்தது.

“ஆர் கழட்டினது” என்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ஆனால் அறைக்குள் பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

அப்பா எழும்பி நின்றார். “விழுந்து விழுந்து போகுது எண்டுதான். கொஞ்ச நேரத்துக்குத்தான் கழட்டினனான். மாட்ட மறந்திட்டன்.”

அம்மாவின் கையில் இருந்த கரண்டி சரிந்து எண்ணெய் தரையில் சொட்டியது. “திரும்பவும் கழட்டிப்போட்டியளே” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பாம்பு வந்த நாளில் இருந்து அந்தப் பிளக்கை ஒருவரும் தொட்டதில்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதைச் சொல்லி அப்பாவுக்காக வாதாட நான் வாயெடுத்தேன். அப்பாவின் முகத்தைக் கண்டு நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் முன்னால் அடி வாங்கிய பிள்ளையின் முகம் அப்படி இருக்கும், அப்பாவுக்கு அப்படி இருந்து நான் கண்டதில்லை.

பிறகு அம்மா செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு புல்லரிக்கிறது. கரண்டியைக் கீழே வைத்தார். கையைச் சீலையில் துடைத்தார். கண்ணாடியைத் தள்ளித் திறந்து இரண்டு கையையும் உள்ளே விட்டு, குளித்துவிட்டு நித்திரையான குழந்தையைத் தூக்குவது போல, அடியில் கை கொடுத்துப் பாம்பைத் தூக்கினார். பல்லிக்குப் பயந்த என் அம்மா. அது விறைத்துப்போய், சுருண்ட சுருள் குலையாமலே வந்தது. வால் மட்டும் அவிழ்ந்து அவர் இடுப்புக்குக் கீழே தொங்கியது. என் சிநேகிதிகளில் ஒருத்தி கதவில் முதுகு முட்டும்வரை பின்னால் போனாள். அப்பா பாரத்தைப் பிடிக்கக் கை நீட்டினார்.

“நீங்கள் தொடாதேங்கோ” என்றார் அம்மா.

பெரியம்மா நாற்காலிக்கு மேலே ஏறிவிட்டார். “எடி, உனக்குப் பேய் பிடிச்சிட்டுதே. போடடி கீழை.”

அம்மா அறையைத் தாண்டிக்கொண்டே, “அது பிள்ளைத்தாச்சி, அக்கா” என்றார்.

சமையலறையில் சிஞ்ஞோராவின் மகன் தனியாகச் சொன்னது அதைத்தான். அதனால்தான் அது சாப்பிடவில்லை, அதனால்தான் எப்போதும் சூட்டில் கிடந்தது. அம்மா எங்களில் ஒருவருக்கும் சொல்லவில்லை. வயிற்றுக்குள் குட்டிகள் இருக்கும்போது குளிர்ந்தால் குட்டிகள் தப்பாது என்று அவன் அம்மாவுக்குச் சொல்லியிருந்தான்.

பெரியம்மா நாற்காலியில் இருந்து இறங்கினார். நேரே சமையலறைக்குப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். காலையில் இருந்து பூச்சி பூச்சி என்று அருவருத்த அதே பெரியம்மா வெறும் போத்தல்களைத் தேடி எடுத்து, வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துப் பார்த்து நிரப்பினார். எல்லோருக்கும் ஒரேயடியாக என்ன நடந்துவிட்டது என்று நான் திகைத்துப்போய் நின்றேன்.

அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அம்மா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். மேலே எங்கள் வீட்டுக் கம்பளி எல்லாம். வயிற்றோடு அணைத்தபடி, கம்பளிக்குள், பாம்பு. துவாயில் சுற்றிய போத்தல்களைப் பெரியம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்தார். அம்மாவின் நாடிக்குக் கீழே பாம்பின் தலை தெரிந்தது. அம்மா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தேவாரமா, அதனோடு கதைத்தாரா என்று தெரியவில்லை.

சித்தப்பா நேப்பிள்ஸுக்கு வீடியோவில் அழைத்தார். சிஞ்ஞோராவின் மகன் திரையில் வெளுத்துப்போய்த் தெரிந்தான். மெதுவாக, மெதுவாக, ஒருபோதும் சட்டென்று சூடாக்க வேண்டாம், உடம்புச் சூடு நல்லது என்றான். கட்டிலை நோக்கித் தொலைபேசியைத் திருப்பியதும் அவன் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தான். அந்த நேரம் பார்த்து என் சிநேகிதியின் அம்மா மகளைக் கூட்டிப்போக வந்தார். திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலைப் பார்த்தார், சிலுவை அடையாளம் போட்டார், மகளின் கோட்டுப் பொத்தானைப் பூட்டாமலே இழுத்துக்கொண்டு இறங்கினார். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போனபோது, எங்கள் வீட்டில் மாரிகாலத்தில் பாம்போடு படுப்பது வழக்கம் என்று வகுப்பு முழுக்கக் கதை பரவியிருந்தது.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் கேக் வெட்டாமல் மேசையில் கிடந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அம்மா இப்படிக் கட்டிப்பிடித்துப் படுத்ததில்லை என்று நினைத்தேன். அது பொய், ஒவ்வொரு காய்ச்சலுக்கும் படுத்திருக்கிறார். அப்பாவிடம் முறையிடப் போனேன். அப்பா அறைவாசலுக்கு வெளியே, அந்தக் குளிர்ந்த மாபிள் தரையில் சம்மாணம் போட்டு இருந்தார். கழற்றிய பிளக் அந்த நீள வயரோடு அவர் மடியில் கிடந்தது. அவருடைய முகம் நனைந்திருந்தது. ஒரு பாம்புக்காக அழுகிற அப்பாவை எந்தப் பிள்ளையும் கண்டிருக்காது. நான் முறைப்பாட்டை மறந்து பக்கத்தில் இருந்தேன். அவர் என்னை இழுத்துத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார், மூச்சு முட்டுகிற அளவுக்கு.

விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா உள்ளே இருந்து, “நாக்கு நீட்டுது” என்றார். பெரியம்மா, “முருகா” என்று கட்டில் விளிம்பில் இருந்துவிட்டார். பூச்சியின் கட்டிலில்.

பெட்டி திரும்பவும் அறைக்குள் வந்தது. பெரியம்மாவே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா அந்தப் பிளக்கைச் சுவரோடு சேர்த்துக் கறுப்பு நாடாவால் சுற்றிச் சுற்றி ஒட்டினார். கத்தியில்லாமல் ஒருவராலும் கழற்ற முடியாதபடி ஒட்டினார். பிறகு வந்த நாட்களில் அப்பாவும் அம்மாவும் அதிகம் கதைக்கவில்லை, ஆனால் இருவரும் மாறி மாறி வெப்பமானியைப் பார்த்தார்கள்.

விடுமுறை முடியப்போகிற ஒரு காலையில் அம்மா என்னைத் தட்டி எழுப்பினார். பெட்டிக்குள் சின்னச் சின்னப் பாம்புகள் நெளிந்துகொண்டிருந்தன. முட்டையில்லை, ஓடில்லை, அப்படியே குட்டிகளாக, நனைந்த சப்பாத்துக்கயிறு மாதிரி. சித்தப்பா, “இப்ப ஆருக்கு வாடகை கூட்டுறது” என்று கேட்டார். அப்பா பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, வீட்டில் பிள்ளைப்பேறு நடந்திருக்கிறது, துடக்கு உண்டா, விளக்கேற்றலாமா என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. பெரியம்மா மறுபக்கத்தில் யோசித்துவிட்டு, இன்றைக்கு ஒருநாள் ஏற்றாமல் விடச் சொன்னார். அப்பா அப்படியே செய்தார்.

அசையாத குட்டிகளும் இருந்தன. நாலைந்து ஒரு மூலையில் அப்படியே கிடந்தன. குளிரினால்தான் என்று சொல்ல முடியாது, எப்படியும் சிலது தப்பாது என்று சிஞ்ஞோராவின் மகன் தொலைபேசியில் சொன்னான். அப்பா தன்னுடைய நல்ல வேட்டியை எடுத்து அதில் ஒரு முழம் கிழித்தார். அம்மா அந்தச் சின்ன உடல்களை அதில் வைத்துச் சுற்றினார். பிறகு இருவரும் பஸ் பிடித்து எங்கேயோ போனார்கள், என்னைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு. திரும்பி வந்தபோது சப்பாத்துகளில் மண் இருந்தது. கை கோத்துக்கொண்டு படியேறி வந்தார்கள். குப்பைத்தொட்டி தெருமுனையில் இருக்க, செத்த பாம்புக்குட்டிக்காக வேட்டி கிழித்த என் தாய்தகப்பனை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் சிஞ்ஞோராவின் மகன் நேப்பிள்ஸ் கப்பலால் இறங்கித் துறைமுகத்தில் இருந்து நேரே வந்தான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. அம்மாதான் வெட்கப்பட்டு இழுத்துக்கொண்டார். தை மாதம் சிஞ்ஞோரா வழக்கம்போலக் கையெழுத்து வைத்தார்.

எனக்குப் பதினாறு வயதான பிறகு ஒருநாள், பெரியம்மா வீட்டில் பலகாரம் சுடும்போது, நான் அந்தப் பாம்புக்கதையைப் பகிடியாகச் சொல்லிச் சிரித்தேன். பெரியம்மா சிரிக்கவில்லை. மாவுக் கையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். நான் பிறக்குமுன் எனக்கு ஒரு அக்கா இருந்திருக்கிறாள். அம்மா அப்பாவின் முதல் மாரிகாலம், பழைய சந்தைப்பக்கம் ஒரு ஈரமான கீழ்வீடு, மூன்று குடும்பத்துக்கு ஒரு மீற்றர். மாதம் நிறையாமல் பிறந்து, ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த பிள்ளை. ஒருநாள் பக்கத்து அறையில் விருந்து, கரண்ட் விழுந்து விழுந்து போனது. சமைக்கவிடச் சொல்லி அவர்கள் கெஞ்ச, அப்பா பிள்ளையின் ஹீற்றரைக் கொஞ்ச நேரத்துக்குக் கழற்றினார். பிள்ளைக்குச் சளி பிடித்தது, தப்பவில்லை. நெஞ்சு முற்றாத பிள்ளை, குளிரால்தான் என்று சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னார். “அதை உன்ரை கொப்பர் இண்டைக்கும் நம்பேல்லை” என்றார் பெரியம்மா. செத்த குட்டிகளோடு அன்றைக்குப் பஸ் பிடித்து அவர்கள் எங்கே போனார்கள் என்பதை நான் கேட்கவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் இதெல்லாம் பிறகு வந்த அறிவு. பாம்பு போன அந்த வருடம் நவம்பரில் எனக்கு ஒன்றும் தெரியாது. செத்தவர்களின் நாள் காலையில் என் தலையணைக்குப் பின்னால் புதுப் பொம்மை இருந்தது, மஞ்சள் கம்பளிச் சட்டையோடு. அம்மா கட்டிலில் இருந்து சீப்பால் எனக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தார். ஊரில் அம்மம்மா, அப்பப்பா எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களே, பிறகு எனக்கு யார் கொண்டுவந்து வைக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு யோசனை வந்தது. கேட்டேன். அம்மாவின் கை நின்றது, பிறகு இழுத்தது.

“எங்கடை ஆள்தான்” என்றார்.

“ஏன் எப்பவும் பொம்மைக்குக் குளிர்ச்சட்டை போட்டுக் கொண்டுவாறவை?”

“அந்த ஆளுக்குக் குளிர் ஒத்துவராது, பிள்ளை.”

“அப்ப அந்த ஆளுக்கும் ஒண்டு பின்னிக் குடுங்கோவன், அம்மா.”

அம்மா சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டினார். “பின்னலாம். இப்ப என்ன அளவு வரும் எண்டுதான் தெரியேல்லை” என்றார். எனக்கு அது பெரிய சிக்கலாகத் தெரியவில்லை. எழும்பித் திரும்பி நின்று, “என்ரை அளவுக்குப் பின்னுங்கோ” என்று முதுகைக் காட்டினேன். அம்மா என் தோளில் இருந்து தோளுக்குச் சாணால் அளந்தார். பிறகு இரண்டு பக்கமும் இரண்டு விரல் கூட்டி வைத்துப் பார்த்தார். இவ்வளவு தொளதொளவென்று ஏன் விடுகிறீர்கள், எனக்குச் சரியாகத்தானே இருக்கிறது என்று நான் சிணுங்கினேன்.